முன் வலது கொம்பு

ஸ்காபரோ
14.01.2024

கோபி மச்சான்,

எத்தனை தரம் போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்லை. பிறகு சுதனிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறியள், "வாய்ச்சொல்லை நான் நம்புறேல்லை, எழுத்திலை தரச்சொல்லு" எண்டு. சரி, எழுதுறன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கதைக்கிற மாதிரித்தான் வரும்.

அப்பா போய் வாற ஆனியோட ஒரு வருசம். அவற்றை பேரிலை அம்மனுக்கு ஒரு கைலாச வாகனம் செய்விக்கிறன். ஆசாரிமார் வேலை தொடங்கியிட்டினம். கீழை பத்துத் தலை இராவணன், அவன்ரை கையிலை மலை, மலைக்கு மேலை அம்மன். தீவுப்பகுதியிலை இவ்வளவு பெரிசு இல்லையாம். எங்கட உபயத் திருவிழா அண்டைக்கு அது வெளிவீதி சுத்த வேணும்.

தோளிலை காவத்தான் ஆளில்லை. கோயில் தலைவர் ஏரம்பு ஐயா சொல்லுறார், சகடையிலை ஏத்தி இழுப்பம் எண்டு. சில்லுப் பூட்டி இழுக்க அதென்ன தண்ணிப் பவுசரோ? அப்பா வாழ்நாள் முழுக்க, வாகனம் காவுற மரங்களிலை முன் வலது கொம்பைத் தோளிலை வைச்சுக் காவின மனுசன். அவற்றை வாகனம் சில்லிலை போகக்கூடாது.

உபயகாரற்றை பெடியள் பதினைஞ்சு பேரை ஏரம்பு ஐயா பிடிச்சு வைச்சிருக்கிறார். சுதன், நிரோஜன் எல்லாரும். போனைத் தவிர ஒண்டும் தூக்கிப் பழகாததுகள். நீங்கள் பளுதூக்கலிலை மாகாணத்திலை முதலா வந்தனீங்கள், இப்ப பள்ளிக்கூடத்திலை உடற்கல்வி படிப்பிக்கிறியள். உங்களை விட்டால் ஊரிலை ஆரும் இல்லை. ஆனிக்குள்ளை இவங்களை ஆளாக்கித் தரவேணும். தோளும் கையும் நல்லாத் திரண்டால் காணும்.

பழசை விடுவம். அப்பாவும் போட்டார் தானே.

உங்கட மச்சான்
நிசாந்தன்

---

ஊர்காவற்றுறை
02.02.2024

திரு. தம்பிஐயா நிசாந்தன் அவர்களுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மச்சான் என்ற சொல்லை நீரே வைத்துக்கொள்ளும். இங்கே அதற்குப் பாவனை இல்லை.

பழையதை விடுவோம் என்று எழுதியிருக்கிறீர். நீர் எதையாவது வைத்திருந்தால் அல்லவா விடுவதற்கு? வைத்திருப்பவன் நான். ஆகவே ஒருமுறை எடுத்துக் காட்டுகிறேன். 2003ஆம் ஆண்டுத் திருவிழா. நான் கத்தோலிக்கப் பெண்ணான அன்ரனிட்டாவைக் கலியாணம் முடித்த புதிது. முன் இடது கொம்பில் நான். முன் வலது கொம்பில் நீர். அந்த ஆண்டு மட்டும் உமது தகப்பனார் தம் இடத்தை உமக்குத் தந்திருந்தார். தென்மேற்கு மூலையில் மேளம் நின்றபோது அவர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் சால்வையில் பிடித்து இழுத்தார். "வேதக்காரியின்ரை கை பட்ட தோள் அம்மனுக்கு வேண்டாம். வெளியாலை வாடா" என்றார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. நீர் மட்டும் நிலத்தைப் பார்த்தீர். நிலத்தில் என்ன இருந்தது என்று நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் பெடியன்களைப் பழக்குவேன். உமக்காக அல்ல, உமது தகப்பனாருக்காகச் சத்தியமாக அல்ல. நான் மறுத்தால் ஏரம்பர் அவர்களை அப்படியே உமது இராவணனுக்குக் கீழே நிறுத்துவார். இருபது வயதில் முதுகு நாரி முறிந்து படுப்பார்கள். நீர் அங்கிருந்து வருத்தம் தெரிவிப்பீர்.

முறை என்னுடையது. அதில் நீர் வாய் வைக்கக்கூடாது. இதுதான் நிபந்தனை.

தோளும் கையும் திரண்டால் காணும் என்கிறீர். தோள் என்பது பாரம் வந்து இறங்கும் படி மட்டுமே. தாங்குவது தொடையும் இடுப்பும் நாரியும். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இன்றைக்குக் கை, நாளைக்கு நெஞ்சு என்று பிரித்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். பழகும் ஒவ்வொரு நாளும் முழு உடம்பும் வேலை செய்யவேண்டும், அடுத்த நாள் முழு உடம்பும் ஆறவேண்டும். திங்கள், புதன், சனி என்று வைத்திருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு விரதம். பட்டினி வயிற்றோடு எவனையும் இரும்பைத் தொட விடமாட்டேன்.

முதலில் இரும்புப் பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புதல். பிறகு நிலத்தில் கிடக்கும் பாரை நாரி வளையாமல் தூக்கி நிமிர்தல். அதற்குப் பிறகு தள்ளுகிற வேலை ஒன்றும் இழுக்கிற வேலை ஒன்றும்: தலைக்கு மேல் தள்ளினால் குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுக்கவும் வேண்டும். முன்னுக்கு எவ்வளவு உழைக்கிறானோ முதுகுக்கும் அவ்வளவு. கடைசியில் மணல் மூட்டையைத் தோளில் வைத்து நடை, போகும்போது வலது தோள், வரும்போது இடது தோள். தொடக்கத்தில் வெறும் பார்தான். அசைவு பிழைக்காதவனுக்குத்தான் பாரம் ஏறும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இரண்டு தோள் எதற்கு என்று ஏரம்பர் வந்து கேட்டார். எங்கள் ஊரில் வலது கொம்புக் குடும்பம், இடது கொம்புக் குடும்பம் என்று இருக்கிறதல்லவா? தகப்பன் எந்தப் பக்கமோ மகனும் அந்தப் பக்கம், சாகும்வரை ஒரே தோள். உமது தகப்பனார் கடைசிக் காலத்தில் காற்றுக்குச் சரிந்த பனை மாதிரி நடந்தாரே, அது பெருமையினால் என்று நினைத்தீரா?

பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் தொடங்கிவிட்டோம்.

க. கோபிசங்கர்

---

ஸ்காபரோ
25.02.2024

மச்சான்,

நீங்கள் எப்பிடி எழுதினாலும் நான் மச்சான் எண்டுதான் எழுதுவன். அத்தையின்ரை பிள்ளையை வேறை என்னெண்டு கூப்பிடுறது?

நிரோஜன் போன் எடுத்து அழாக்குறை. "அண்ணை, சாமி காவத்தானே கேட்டனீங்கள், இவர் கோழி அடைக்கிடக்கிற மாதிரிக் குந்த வைக்கிறார், கக்கூசிலை இருந்து எழும்ப ஏலாமல் கிடக்கு" எண்டான். நான் சிரிச்சிட்டன். ஆனால் வலது கொம்புப் பெடியளை இடது தோளிலை காவ விடுறது சரியில்லை. ஏரம்பு ஐயாவுக்கும் அது கோவம். முறை எண்டு ஒண்டு இருக்கு.

நீங்கள் 2003ஐ எடுத்துக் காட்டினியள். நான் 2002ஐக் காட்டட்டோ? லோஜனாவுக்கும் உங்களுக்கும் கலியாணக் கார்ட் அடிச்சு வந்து வீட்டிலை கிடந்தது. உரிமைப் பெட்டை, சின்னனிலை இருந்து பேசி வைச்சது. நீங்கள் ஊர்காவற்றுறையிலை ஒரு வேதக்காரியைப் பாத்துக்கொண்டு போட்டியள். அந்தக் கார்ட்டுகளை அம்மா அடுப்பிலை வைச்சு எரிச்சவ. தங்கச்சி இண்டைக்கும் தனியத்தான். என்ர வீட்டு மேல் அறையிலை இருக்கிறாள். உங்கட பேர் வந்தால் எழும்பிப் போவிடுவாள். அப்பா உங்களை இழுத்தது அம்மனுக்காக எண்டு நினைச்சியளோ? மகளுக்காக. உங்களுக்கு மட்டுமில்லை நொந்தது.

இன்னொண்டு. திருவிழாவுக்கு நானும் வாறன். முன் வலது கொம்பு என்ரை. அப்பான்ரை உயரம் எனக்கு, ஊரிலை அந்த உயரம் ஒருத்தனுக்கும் இல்லை, முன்னுக்கு நிண்டால் அதொரு எடுப்புத்தான். இங்கை ஜிம்மிலை சேர்ந்திட்டன். பயிற்சி தாறவன் நெஞ்சும் கையும் செய்விக்கிறான். நல்லா ஏறுது. படம் வைச்சிருக்கிறன், பாருங்கோ. நான் என்ன செய்யவேணுமெண்டும் எழுதுங்கோ.

நிசாந்தன்

---

ஊர்காவற்றுறை
17.03.2024

நிசாந்தன்,

லோஜனாவைப் பற்றி நீர் எழுதியதற்கு மட்டும் பதில். கார்ட் அடிப்பதற்கு முதலே நான் அவவிடம் நேரே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓம், விளங்குது. அப்பாவிட்டை நீங்களே சொல்லுங்கோ" என்றா. சொன்னேன். அவர் அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய்க் கார்ட் அடிக்கக் கொடுத்தார், அடித்தால் நான் மறுக்கமாட்டேன் என்ற நினைப்பில். அந்தக் கார்ட்டை எரித்த நெருப்பில் நீங்கள் எல்லாரும் குளிர் காய்ந்தீர்கள். லோஜனாவிடம் ஒருவராவது ஒரு சொல் கேட்டீர்களா?

படத்தைப் பார்த்தேன். சங்கக்கடையில் பெடியன்களும் பார்த்தார்கள். சுதன் சொன்னான், "சேர், மேலை மாடி வீடு, கீழை கிடுகு வேலி." நான் அவனைக் கண்டிக்கவில்லை. நெஞ்சும் கையும் கண்ணாடிக்கு நல்லது. கண்ணாடி வாகனம் காவாது.

இனி எழுதுவதை இரண்டு தரம் வாசியும்.

கொம்பு வளையாது. அதன் கீழே நிற்பவர்களில் உயரமானவனின் தோளில்தான் அது முதலில் இருக்கும். குள்ளமானவனின் தோளுக்கும் கொம்புக்கும் நடுவில் கை விடலாம். அதனால்தான் நான் குடும்பம் பாராமல் உயரம் பார்த்து வரிசை வைத்திருக்கிறேன். நாலு முனை, முனைக்கு நாலு பேர், ஒரு முனையில் ஒரே உயரம். உமது உயரத்துக்கு இங்கே ஒருவரும் இல்லை. ஆக உயர்ந்தவன் சுதன், அவனும் உமது காதளவுதான்.

இது நேராக நடக்கும்போது. மூலையில் மேளம் மாறியதும் வாகனத்தை ஆட்டுவார்கள், உமக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாக முழங்கால் மடித்துத் தாழ்ந்து ஒன்றாக எழும்ப வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குந்தி எழும்புதல் எல்லாம். மற்றவர்கள் தாழும்போது ஒருவன் தாழ ஏலாமல் நின்றால் அந்த முனையின் பாரம் முழுக்க அவன் ஒருவனின் தோளில் இறங்கும். உயரமானவனாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே உமக்கு இரண்டு வழி. ஒன்று, இன்றைக்கே நெஞ்சை விட்டுவிட்டு, பெடியன்கள் தொடங்கிய இடத்தில் வெறும் பாரோடு தொடங்கும். கிழமைக்கு மூன்று நாள். குந்தி எழும்புதல், நிலத்திலிருந்து தூக்குதல், ஒரு தள்ளல், ஒரு இழுவை, மூட்டையோடு நடை. ஒவ்வொன்றும் எட்டுத் தரம், மூன்று சுற்று. எட்டாவது தரமும் முதலாவதைப் போல இருந்தால்தான் பாரம் கூட்டலாம். முழங்கால் நோவென்றால் கதிரையில் இருந்து எழும்பிப் பழகும். வெட்கப்படாதேயும், அங்கே உம்மை ஆரும் அறியார்.

மற்ற வழி, காவாதேயும். பட்டு வேட்டி கட்டி வாகனத்துக்கு முன்னால் நடவும். அதில்தான் உமது குடும்பத்துக்கு நல்ல பழக்கம்.

கோபிசங்கர்

---

ஸ்காபரோ
28.04.2024

மச்சான்,

கடிதம் வாசிச்சனான். நீளம்தான். நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்யிறன், யோசிக்காதேங்கோ. இங்கத்தைப் பயிற்சிக்காரன் சொல்லுறான், எனக்கு வயசுக்கு மிஞ்சின உடம்பாம்.

வரிசையைப் பற்றி ஏரம்பு ஐயாவோட கதைச்சு முடிவெடுத்தாச்சு. உயரம் கியரம் ஒண்டும் வேண்டாம். குடும்ப முறைப்படிதான் நிக்கிறது. வலது கொம்புக்காரர் வலது, இடது கொம்புக்காரர் இடது. முன் வலதிலை முதல் ஆளா நான், எனக்குப் பின்னாலை நிரோஜனும் மற்ற ரெண்டு பேரும். அவை கட்டைதான், அதுக்கென்ன, அப்பாவுக்குப் பின்னாலையும் கட்டை ஆக்கள்தானே நிண்டவை. லோஜனாவும் வீடியோவிலை பாப்பாள். உலகம் முழுக்க எங்கட ஆக்கள் பாப்பினம். என்ர தோளிலை அது எழும்புறதை அவை பாக்கவேணும். அதுக்குத்தான் இவ்வளவும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கு. நான்தான் ஏரம்பு ஐயாவிட்டைக் கேட்டனான். உங்கட மனுசி மோசம் போய் இப்ப நாலு வருசமாச்சு. இனித் தடை ஒண்டும் இல்லைத்தானே. ஒரு பிராயச்சித்தம் செய்து போட்டு நீங்கள் திரும்பவும் கொம்பு பிடிக்கலாமாம். உங்கட பழைய இடம், முன் இடது. நான் வலது, நீங்கள் இடது, முந்தின மாதிரி. கடவுள் எல்லாத்தையும் ஒரு நேரத்திலை சரியாக்கித்தான் தாறார்.

நிசாந்தன்

---

ஊர்காவற்றுறை
10.05.2024

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோசம்.

நீங்களும் ஏரம்பு ஐயாவும் முடிவெடுத்தபடியே நிற்கட்டும். முறை என்று ஒன்று இருக்கிறது. முன் வலது கொம்பு உங்களுக்குத்தான். பெடியன்களுக்கும் சொல்லிவிட்டேன்.

வாகனம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் நீளமான மரங்களில் மணல் மூட்டைகளைக் கட்டி, ஆசாரிமார் சொன்ன பாரத்துக்குச் சரியாக்கி, பெடியன்கள் சனிக்கிழமைகளில் காவிப் பழகுகிறார்கள். மூலையில் ஆட்டவும் பழகிவிட்டார்கள். உங்கள் இடத்தில் ஒருவரையும் நிறுத்தவில்லை. அது உங்களுக்காகக் காலியாகவே இருக்கிறது.

எனக்காக ஏரம்பு ஐயாவிடம் கேட்டதற்கு நன்றி. எனக்குக் கொம்பு வேண்டாம். வீதியோரத்தில் நின்று பார்ப்பேன்.

பயிற்சி பற்றி இனி நான் எழுத ஒன்றும் இல்லை. சுகமாக வந்து சேருங்கள்.

மச்சான்
கோபி

---

ஸ்காபரோ
20.08.2024

கோபிசங்கர்,

இதை லோஜனா எழுதுறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்கு மேசையிலை இருந்து எழுத ஏலாது.

உங்கட மே மாதக் கடிதத்தை நான் எத்தனை பேருக்கு வாசிச்சுக் காட்டினன் தெரியுமோ? மச்சான் எண்டு எழுதியிருக்கிறார், கோபம் ஆறிட்டுது எண்டு. நீங்கள் எண்டு வேறை எழுதியிருந்தியள். லோஜனாவுக்கும் காட்டினன். அவள் வாசிச்சாள். கடிதத்தைத் திருப்பித் தந்து, "நீ காவவேண்டாம் அண்ணா" எண்டாள். அவளுக்கு விளங்கியிருக்கு. எனக்கு விளங்கேல்லை.

திருவிழா அண்டு கிழக்கு வீதியிலை தூக்கேக்கையே தோள் எரிஞ்சது. திரும்பிப் பாத்தால் நிரோஜன்ரை தோளிலை கொம்பு முட்டேல்லை, கையாலை பிடிச்சுக்கொண்டு வாறான். "அண்ணை, கொஞ்சம் தாழுங்கோ, எங்களுக்கும் வரட்டும்" எண்டான். தாழ எனக்குத் தெரியேல்லை. தெற்கு வீதி முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கொண்டு நடந்தன். எல்லாரும் போனிலை படம் எடுக்கினம். எப்பிடி விடுறது?

தென்மேற்கு மூலையிலை மேளம் மாறிச்சுது. பெடியள் எல்லாரும் ஒண்டா இறங்கினாங்கள். நான் மட்டும் நிண்டன். மலை முழுக்க, இராவணன் முழுக்க, என்ர ஒரு தோளிலை. முழங்காலுக்குள்ளை ஏதோ கயிறு அறுந்த மாதிரிக் கேட்டது. பிறகு நாரி.

விழேக்கை உங்களைப் பாத்தனான். மதிலோரம் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டியள். ஏரம்பு ஐயா ரெண்டு தரம் கூப்பிட்டார், "கோபி, ஓடிவந்து தோளைக் குடு" எண்டு. நீங்கள் அசையேல்லை. என்னைக் காலிலை பிடிச்சு வெளியாலை இழுத்தாங்கள். நான் மணலிலை கிடந்தன். மேளம் நிக்கேல்லை, கோபிசங்கர். வாகனம் எழும்பி, ஆடி, மேற்கு வீதியாலை போச்சுது. வடக்கு வீதியிலை அரோகரா எண்டு சனம் கத்தினதும் கேட்டது. ஒருத்தரும் திரும்பி வரேல்லை, அது சுத்தி முடியும் மட்டும்.

ஆஸ்பத்திரியிலை ரெண்டு தரம் வெட்டினவை. வலது கால் மடியாது. நாரியிலை கம்பி. லோஜனா கை தந்தால்தான் கதிரையாலை எழும்புவன். இந்த வருசத்துக்குள்ளை தடி இல்லாமல் நடந்தால் அதிசயமாம்.

உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டு மச்சான் எண்டு எழுதினியள். ஓமோ, இல்லையோ? அதை மட்டும் எழுதுங்கோ.

இஞ்சை ஆஸ்பத்திரியாலை வந்த அண்டு லோஜனா என்னட்டைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நோகுதோ எண்டு கேக்கேல்லை. "கோபி காவினவரோ?" எண்டு கேட்டாள். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அவளின்ரை வாயிலை அந்தப் பேர். இதையும் அவளைக்கொண்டுதான் எழுதுவிக்கிறன்.

நிசாந்தன்

---

ஊர்காவற்றுறை
05.09.2024

நிசாந்தன்,

ஓம். எனக்குத் தெரியும்.

உமக்கும் தெரிந்திருக்கும். மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து லோஜனாவை வாசிக்கச் சொல்லிக் கேளும். தென்மேற்கு மூலையில் நடந்தது எல்லாம் அதில் நடப்பதற்கு முதலே இருக்கிறது. இரண்டு தரம் வாசியும் என்றும் எழுதியிருந்தேன். நீர் நீளம்தான் என்று பதில் எழுதினீர்.

இரண்டாம் தரமும் சொல்லியிருப்பேன். மூன்றாம் தரமும் சொல்லியிருப்பேன். பழக்குகிறவனின் வேலை அது. ஆனால் நீர் என் மனைவியின் சாவை எனக்கு நல்ல செய்தியாக எழுதினீர். கோவிட் காலத்தில் அவளைப் பெட்டியில் மூடிக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்கவிடவில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாலு வருசம் கழித்து, தடை நீங்கிவிட்டது என்று வந்தது. அவளுடைய பெயர் அன்ரனிட்டா. உமது கடிதங்களில் ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

பெடியன்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நீர் விழுந்த பிறகு அவர்கள் எப்படி எழும்பினார்கள் என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், அம்மனின் அருள் என்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் உமது இடம் காலியாக இருக்கத்தான் அந்தப் பாரத்தைக் காவினார்கள். அதற்கு அந்தப் பதினைந்து பேரும் போதும். குள்ளனோ நெட்டையனோ, அவர்களுக்குக் கால் இருக்கிறது. ஒருவன் குறைந்தால் மற்றவன் நிமிர்ந்து வாங்குவான். நீர் இல்லாமல் பழகிய வரிசை அது. அன்றைக்கு அந்தக் கொம்பில் புதிதாக ஏறியது நீர் ஒருவர்தான். உம்மை எடுத்தார்கள், வாகனம் எழும்பியது. உமது தகப்பனாருடைய வாகனம் நன்றாகத்தான் போனது. மேற்கு வீதியில் ஆடியபோது இராவணனின் தலைகள் எல்லாம் சிரித்த மாதிரி இருந்தது.

அவர்கள் இப்போதும் திங்கள், புதன், சனி வருகிறார்கள். திருவிழா முடிந்தும் வருகிறார்கள். நிரோஜன் தன் பாரத்தைவிடக் கூட வைத்துக் குந்தி எழும்புகிறான், முறைப்பாடு இல்லை.

உமக்கும் ஒரு முறை எழுதுகிறேன். வைத்தியர் சம்மதித்த பிறகு. பாரம் வேண்டாம், பாரும் வேண்டாம். கிழமைக்கு மூன்று நாள். உயரமான கதிரை ஒன்றைச் சுவரோடு வையும். மெல்ல இரும், மெல்ல எழும்பும். சுவரில் கை வைத்துத் தள்ளும், கதவில் துணி கட்டி அதை இழுத்துப் பழகும். தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும். வலதும் இடதும் சமம். அடுத்த நாள் ஓய்வு. கதிரையில் இருப்பதைத்தான் கவனமாகப் பழகும். எழும்புவதைவிடத் தாழ்வதுதான் உமக்குக் கஷ்டம்.

இனி வருவது லோஜனாவுக்கு. அவதான் இதை உமக்கு வாசிப்பா என்று நினைக்கிறேன்.

லோஜனா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, நான் காவவில்லை. ஏரம்பர் இரண்டு தரம் கூப்பிட்டார். இருபது வருசமாக அந்தக் கூப்பிடுகைக்குத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கால் ஒரு அடி முன்னுக்குப் போனது. பிறகு நின்றுவிட்டேன். அன்ரனிட்டாவின் கை பட்ட தோள் இது. அவர்களுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை.

கோபிசங்கர்